நார்வே மரச் சர்ச்: 800 வருஷம் ஆயும் ஏன் உளுத்துப் போகல? (போர்குண்ட்)

வேப்பமரம்77

வணக்கம் மக்களே, ஒரு டவுட்டு. தூக்கம் வராம யூடியூப்ல நோண்டிக்கிட்டு இருந்தப்ப நார்வேல போர்குண்ட்னு ஒரு கிராமத்து சர்ச் வந்துச்சு, அதுல இருந்து மண்டைக்குள்ளயே சுத்துது. முழுக்க மரம். கறுப்பா தார் பூசி, கூரைக்கு மேல கூரை, அதுக்கு மேல இன்னொரு கூரைன்னு ஏறிக்கிட்டே போயி, மேல முகட்டு நுனில டிராகன் தலை வாயப் பொளந்துக்கிட்டு நீட்டிக்கிட்டு இருக்கு. 1180 வாக்குல வெட்டுன மரமாம், இன்னும் அதே தூண் அதே சுவர்தானாம். எங்க வீட்டு வாசக்கால் நேத்து வச்ச மாதிரி இருக்கு, அதுக்குள்ள அடிப்பக்கம் உளுத்து விரலை வச்சா உள்ள போகுது.

இந்த மாதிரி தூண் நிறுத்தி கட்டுன மரச் சர்ச்சுக்கு ஸ்டேவ் சர்ச்னு பேராம், அதைத் தேடுனா ஏகப்பட்டது வருது, ஆனா எல்லாமே டூரிஸ்ட் சைட்டு, மர்மம் அதிசயம்னு நாலு வரி போட்டுட்டு டிக்கெட் விலைக்குப் போயிடுறான். எனக்கு வேண்டியது மூணு விஷயம். மழையும் பனியும் கொட்டுற ஊர்ல மரம் எப்படித் தாங்குச்சு? சர்ச்சு மேல டிராகனுக்கு என்ன வேலை? நார்வே முழுக்க இந்த மாதிரி இப்ப 28 தான் இருக்குங்கறாங்க, மத்ததெல்லாம் என்ன ஆச்சு? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, விக்கிப்பீடியா லிங்க் மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க ப்ளீஸ்.

உளிச்சத்தம்

நல்ல கேள்வி. எங்க குடும்பம் மூணு தலைமுறையா மரவேலைதான், நான் மட்டும் சிவில் படிச்சுட்டு தப்பிச்சுட்டேன், அதனால முதல் கேள்விக்கு நான் வர்றேன்.

உங்க வாசக்காலும் அந்தச் சர்ச்சும் வித்தியாசப்படுற இடம் அடிக்காலு. மரம் மழை பட்டதுனால மட்டும் உளுக்காது, நனைஞ்சுட்டு காயாம இருந்தாதான் உளுக்கும். மரத்துக்குள்ள ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கிற வரைக்கும் உளுப்புப் பூஞ்சையால அதைத் தொட முடியாது. மண்ணுக்குள்ள நட்ட தூண் என்ன பண்ணும்னா வெட்டுமுகம் வழியா தண்ணிய கீழ இருந்து உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அப்ப தரை மட்டத்துல, காத்தும் ஈரமும் சேர்ற அந்த ஒரு ஜாண்ல, முதல்ல போயிடும். நார்வேல ஆரம்பத்துல கட்டுன மரச் சர்ச்சுங்களும் அப்படித்தான் தூணை மண்ணுல குழி தோண்டி நட்டாங்க, அதுல ஒண்ணு கூட இன்னைக்கு இல்ல. இப்ப நிக்கிற சில சர்ச்சுக்கு அடியில தோண்டுனப்ப பழைய தூண் குழிங்க மட்டும் கிடைச்சுது.

அப்புறம் யாரோ ஒரு ஆசாரிக்கு, இல்ல பல ஆசாரிங்களுக்கு, புத்தி வந்துச்சு. தரையில கல்லு வரிசை, அது மேல படுக்கையா பெரிய அடி உத்திரங்க, # இந்த மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க போட்டு காடி வெட்டி பூட்டிடுறாங்க. தூணெல்லாம் அந்த உத்திரத்து மேல உக்காரும், மண்ணைத் தொடவே தொடாது, அடியில காத்து போகும். சுவர் எப்படின்னா, மூலைக்கு மூலை ஒரு தூண், கீழ உத்திரத்துல காடி, மேல உத்திரத்துல காடி, நடுவுல பலகைங்களை நெட்டுக்குத்தலா ஒண்ணோட நாக்கு அடுத்ததோட காடிக்குள்ள போற மாதிரி சொருகிக்கிட்டே போறது. மரம் மழைக்கு உப்பும் வெயிலுக்குச் சுருங்கும், அதுக்கு இடம் விட்டிருக்காங்க. மரச்சட்டத்தைப் பிணைக்க இரும்பு ஆணியை நம்பல, மர ஆணியும் கழுந்தும்தான் (காடிக்குள்ள போற மர நாக்கு). ஆணி அடிச்சிருந்தா துருப்பிடிச்சு அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கியிருக்கும்.

இன்னொண்ணு மரத்தோட தரம். குளிர் நாட்டுப் பைன், நிதானமா வளர்ந்தது, வளையம் நெருக்கமா இருக்கும். அதுல வெளிறை (வெளிப்பக்கத்து இளசான மரம்) ஒதுக்கிட்டு வைரம் பாய்ஞ்ச நடுப் பாகமாப் பாத்து எடுத்திருக்காங்க, அது நிறைய பிசின் புடிச்சது. மரத்தை நிக்க வச்சே பட்டையை உரிச்சு சில வருஷம் விட்டு பிசின் ஏத்துனாங்கன்னும் சொல்லுவாங்க, ஆனா அதை எல்லா ஆய்வாளரும் ஒத்துக்கல, அதனால அதை ரொம்ப நம்ப வேணாம். கரையான் அந்த நாட்டுல கிடையாது, அது பெரிய அதிர்ஷ்டம், உங்க வாசக்காலை முடிச்சதும் அநேகமா கரையானாத்தான் இருக்கும்.

ஒப்பிட்டுப் பாக்க ஒரு கேஸ் வேணும்னா இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கம் கிரீன்ஸ்டெட் சர்ச்சைப் பாருங்க. 11ஆம் நூற்றாண்டு முடியற காலத்து ஓக் மரம், பிளந்த கட்டைங்களை வரிசையா நிறுத்தி சுவர் பண்ணது, கட்டடமே இன்னும் நிக்குது. ஆனா கட்டைங்களோட அடிப்பக்கம் உளுத்துப் போயி 1848 வாக்குல அதை வெட்டி எடுத்துட்டு செங்கல் மேடை கட்டி அது மேல உக்கார வச்சாங்க. ஓக்கா இருந்தாலும் மண்ணு விடல.

பெர்கன்மழை

தம்பி உளிச்சத்தம் நல்லா விளங்கப்படுத்தியிருக்கிறார். நான் இருக்கிறது மேற்கு நார்வேயில பெர்கன் நகரத்தில, ஊரில இருந்து ஆரும் வந்தால் போர்குண்டுக்குக் கூட்டிக்கொண்டு போறது வழமை, அதால நேரில பாத்த ஆளா ரெண்டு விஷயம் சொல்லுறன்.

முதலாவது, அந்த இடம். பெர்கனில வருசத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல மழை, குடை இல்லாம வெளிக்கிடேலாது. ஆனா போர்குண்ட் இருக்கிற லார்டால் பள்ளத்தாக்கு மலையளுக்குப் பின்னால மழை மறைவில இருக்கு, அங்க 500 ஒட்டித்தான் விழும், மேற்கு நார்வேயிலயே வறண்ட இடங்களில ஒண்டு. நார்வே எண்டால் எல்லா இடமும் ஈரம் எண்டு நினைக்கிறது சரியில்லை. ஆனா மழை கூடின இடங்களிலயும் சில சர்ச்சுகள் நிக்குது எண்டதையும் சொல்லவேணும், அதால மழை மறைவு மட்டும் காரணம் எண்டும் சொல்லேலாது.

ரெண்டாவது தார். இது ரோட்டுக்குப் போடுற தார் இல்லை, பைன் மரத்தின்ர அடிக்கட்டையும் வேரும் வெட்டி புனல் மாதிரி ஒரு குழியில அடுக்கி மேல புல்லுமண் போட்டு மூடி மெதுவா எரிய விட்டால் அடியில வழிஞ்சு வாறது. சர்ச்சுக்குக் கிட்டப் போக முதலே மணக்கும், புகையும் பிசினும் கலந்த ஒரு மணம், வெயில் நாளில இன்னும் கூட. இதை ஒருக்கா பூசிப்போட்டு விடுறதில்லை, சில வருசத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்பப் பூசவேணும், அப்பிடித் தலைமுறை தலைமுறையாப் பூசி வந்தது. தெற்குப் பக்கச் சுவரைப் பாத்தா விளங்கும், வெயிலுக்குத் தார் இளகி ஓடி மரம் மண்ணிறமா வெளியில தெரியும், வடக்குப் பக்கம் கரிக்கறுப்பா இருக்கும். படத்தில கறுப்புச் சர்ச் எண்டு தெரியிறது நீங்கள் எந்தப் பக்கம் நிண்டு எடுத்தது எண்டதைப் பொறுத்தது.

உள்ளுக்க சரியான இருட்டு. கூரைக்குக் கிட்ட சின்ன வட்ட ஓட்டையள் தான் வெளிச்சத்துக்கு, கண் பழக நேரம் எடுக்கும். பழகினாப் பிறகு மேல பாத்தா தூண்களுக்கு நடுவில பெருக்கல் குறி மாதிரிக் குறுக்குச் சட்டங்கள், அதுக்குக் கீழயும் மேலயும் ரெண்டு உத்திரம் தூணைக் கவ்விப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. வளைஞ்ச முட்டுகளும் இருக்கு, அது வளைச்ச மரம் இல்லை, வேரும் அடிமரமும் சேருற இடத்தில இயற்கையா வளைஞ்சு வளர்ந்த துண்டைத் தேடி வெட்டினது. வெளியில சுத்திவர ஒரு திண்ணை நடை இருக்கு, தாழ்ந்த கூரையோட, சாரல் சுவரில படாமல் அதுதான் காக்குது.

மேற்கு வாசலடியில ரூன் எண்ட பழைய வடநாட்டு எழுத்தில ஆரோ கீறி வைச்சிருக்கினம். தோரிர் எண்டவர் புனித ஓலாவ் திருநாளுக்கு முதல்நாள் இந்தப் பக்கமாப் போகேக்க எழுதினது எண்டும், நோர்ன்கள் நல்லதும் செய்தாளுகள் கெட்டதும் செய்தாளுகள், தனக்குப் பெரிய கஷ்டத்தைத்தான் குடுத்தாளுகள் எண்டும் ஒரு புலம்பல். நோர்ன் எண்டது பழைய நம்பிக்கையில விதியை எழுதுற பெண் தெய்வங்கள். கிறிஸ்தவப் புனிதரின்ர திருநாளையும் சொல்லி அதோட நோர்னையும் திட்டியிருக்கிறார், அதுவும் சர்ச் சுவரில. எனக்கு டிராகனை விட இதுதான் பிடிச்சது.

கெத்து_ராஜா

டிராகன் மேட்டர் சிம்பிள் ப்ரோ. இதெல்லாம் வைக்கிங் கோயிலுங்க, கிறிஸ்தவம் வந்ததும் சிலுவையை மேல நட்டு சர்ச்னு பேர மாத்திட்டாங்க அவ்ளோதான். கப்பலைக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கு பாருங்க கூரை, கப்பல் கட்டுன அதே ஆளுங்கதான் கட்டுனது, டிராகன் தலை கூட கப்பல் முன்னாடி வைக்கிறதுதான். டாக்குமெண்டரில பாத்தேன்.

பழங்கணக்கு

ராஜா தம்பி, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தேதி ஒத்துவரல. நார்வே கிறிஸ்தவத்துக்கு மாறுனது 11ஆம் நூற்றாண்டு முதல் பாதிக்குள்ள, ஓலாவ் ராஜா (மேல சொன்ன அதே புனித ஓலாவ்தான்) செத்தது 1030. போர்குண்ட் மரம் வெட்டுனது அதுக்கு ஒன்றரை நூற்றாண்டு கழிச்சு. கட்டுனவன், அவன் அப்பன், தாத்தன் எல்லாரும் ஞானஸ்நானம் வாங்குனவங்க. இது சர்ச்சாவே பொறந்த கட்டடம், அப்போஸ்தலர் அந்திரேயா பேர்ல.

நடுவுல உயரமான கூடம், ரெண்டு பக்கமும் தாழ்ந்த கூரையோட சுத்து, வரிசைத் தூணு, கிழக்கால பலிபீட அறை, அதுக்கும் பின்னால அரைவட்டம். இது தெக்கு ஐரோப்பாவுல கல்லுல கட்டுன பசிலிக்காவோட அமைப்பு. அதை ஒரு மலைக்கிராமத்து ஆசாரி மரத்துக்கு மாத்தி யோசிச்சிருக்கான், என்னைக் கேட்டா டிராகனை விட இதுதான் ஆச்சரியம். கப்பலும் வேற வேலை, அது பலகை மேல பலகை ஏத்தி இரும்பு ஆணி அறையுறது, இது சட்டம் போட்டு பலகை சொருகுறது. வளைஞ்ச முட்டு மாதிரி சில கைப்பழக்கம் ரெண்டுலயும் உண்டு, அது வரைக்கும் நீங்க சொல்றது சரி.

கோயில் இருந்த இடத்துல சர்ச்சு வந்ததே இல்லன்னு சொல்லல. மேரேன்னு ஒரு ஊர்ல இருக்கிற கல் சர்ச்சுக்கு அடியில 1960கள்ல தோண்டுனப்ப, பழைய வழிபாட்டோட சம்பந்தப்பட்ட குட்டிக் குட்டித் தங்கத் தகடு கிடைச்சுது, உருவம் பொறிச்சது. ஆனா அதை வச்சுக்கிட்டு எல்லா மரச் சர்ச்சுக்கும் ஒரே கதையை ஒட்ட முடியாது.

டிராகன் தலை கெட்டதை விரட்டன்னு பொதுவா சொல்றாங்க, நம்பலாம்தான், ஆனா ஏன் வச்சோம்னு கட்டுனவன் எழுதி வைக்கல. அதே காலத்துல புனிதர் எலும்பு வைக்கிற பேழைங்களுக்கும் வீடு மாதிரி கூரை, முகட்டு நுனில இதே மாதிரி மிருகத் தலை வச்சிருக்காங்க, அதனால அப்பத்தி ஆளுங்களுக்கு இது சர்ச்சுக்கு ஒவ்வாத சமாச்சாரமாத் தோணல. செதுக்கு வேலை பாக்கணும்னா ஊர்னஸ்னு இன்னொரு மரச் சர்ச்சுக்குப் போங்க. சர்ச்சு 1130 வாக்குல கட்டுனது, வடக்கு வாசல் அதுக்கும் முந்தி அங்க இருந்த சர்ச்சுல இருந்து, 1070 ஒட்டி. நாலு கால் மிருகம் ஒண்ணு பாம்பைக் கடிக்க, பாம்பு மிருகத்தைக் கடிக்க, நூல் மாதிரி மெல்லிசாப் பின்னிக்கிட்டு ஓடுது. 1979ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க.

இப்ப மூணாவது கேள்வி, 28. மொத்தம் ஆயிரத்துக்கு மேல இருந்திருக்கும்னு கணிக்கிறாங்க. முதல் அடி 1349ல வந்த பிளேக். பாதி ஜனம் போச்சு, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்கா பண்ணைங்க காலியாச்சு, ஆள் இல்லாத ஊர் சர்ச்சுக்கு யாரு தார் பூசுவா? மேல உளிச்சத்தம் சொன்ன அத்தனை நுணுக்கமும் கூரை ஒழுகாத வரைக்கும்தான். அப்புறம் 1537ல மதச் சீர்திருத்தம், அதாவது நாடு கத்தோலிக்கத்தை விட்டு புராட்டஸ்டண்டுக்கு மாறுனது. அப்புறம் டென்மார்க்-நார்வே ராஜா போர்க்கடன் அடைக்க 1720கள்ல சர்ச்சுங்களை ஏலம் விட்டான், வாங்குன தனியார் எல்லாரும் அதைப் பராமரிக்கன்னு வாங்கல.

கடைசி அடிதான் எனக்கு வயித்தெரிச்சல். 1851ல ஒரு சட்டம், கிராமத்துச் சர்ச்சுல அந்தப் பங்கு (சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்) மக்கள்ல பத்துல மூணு பேருக்கு இடம் இருக்கணும்னு. ஜனத்தொகை ஏறுற காலம், பழைய மரச் சர்ச்செல்லாம் சின்னது. இடிச்சு புதுசு கட்டுனா மரமும் மிச்சம், சட்டமும் ஆச்சு. பிளேக், தீ, மின்னல் எல்லாத்தையும் தாண்டி வந்தது எத்தனையோ அந்தச் சில பத்து வருஷத்துல போச்சு. போர்குண்ட் தப்பிச்சதுக்கு ஒரே காரணம், 1868ல புது சர்ச்சை அதே இடத்துல கட்டாம பக்கத்துலயே கட்டிக்கிட்டாங்க. 1844ல ஆரம்பிச்ச பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் 1877ல பழசை வாங்கிடுச்சு, இன்னைக்கும் அவங்க கையிலதான்.

வேப்பமரம்77

அடேங்கப்பா, இவ்வளவு வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. அண்ணா @பழங்கணக்கு, ஒரு விஷயம் இடிக்குது. நான் பாத்த போட்டோல கோல், ஃபான்டாஃப்ட், ஹோப்பர்ஸ்டாட் எல்லாம் அச்சு அசலா போர்குண்ட் மாதிரியே இருக்கு, டிராகன் தலை உட்பட. ஆயிரம் சர்ச்சும் ஒரே டிசைனா? இல்ல ஒரே ஆசாரி குரூப்பா?

பழங்கணக்கு

கண்ணு கூர்மை உங்களுக்கு. ஒரே டிசைன் இல்ல, ஒரே ரிப்பேர். கோல் சர்ச்சை 1880கள்ல பிரிச்சு ஓஸ்லோ பக்கம் பிக்டோய்க்கு கொண்டுபோய் ராஜா ஆஸ்கர் ஆதரவுல நிறுத்துனாங்க. ஹோப்பர்ஸ்டாட்டை அதே சமயத்துல பீட்டர் பிலிக்ஸ்னு ஒரு ஆர்க்கிடெக்ட் புதுப்பிச்சாரு. ஃபான்டாஃப்ட் முதல்ல ஃபோர்துன்ங்கற ஊர்ல இருந்தது, 1883ல பெர்கன் பக்கம் கொண்டுவந்தாங்க. மூணுலயும் வெளிப்பக்கம் காலப்போக்குல மாறிப்போயிருந்துச்சு, சுத்து நடை, கூரை அடுக்கு எல்லாம் எப்படி இருந்திருக்கும்னு தெரியணும்ல, அப்ப எல்லாரும் போய் அளவெடுத்தது அதிகம் சிதையாம நின்ன போர்குண்டை. அதனால இன்னைக்கு நாம "மத்திய கால மரச் சர்ச்சுன்னா இப்படித்தான்"னு மனசுல வச்சிருக்கிற படம் பாதி போர்குண்டு, பாதி 19ஆம் நூற்றாண்டோட ஆசை. போர்குண்டையே 1870கள்ல உள்ளார சுத்தம் பண்ணி, பிற்காலத்துல போட்ட பெஞ்சு, மாடி கேலரியெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டாங்க. சீர்திருத்தத்துக்கு அப்புறம் முன்னூறு வருஷம் அங்க உக்காந்து பிரசங்கம் கேட்ட ஜனத்தோட தடம் அதோட போச்சு. மத்திய காலம்தான் ஒசத்தி, நடுவுல வந்ததெல்லாம் குப்பைன்னு நினைச்ச காலம் அது. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஆனா அவங்க இல்லன்னா கட்டடமே இருந்திருக்காதுங்கறதும் உண்மை.

வித்தியாசமான வகை பாக்கணும்னா டெலிமார்க்ல ஹெட்டால், இருக்கிறதுலயே பெருசு. இல்ல போலந்துக்குப் போங்க, ஆமா போலந்துதான். நார்வேல வாங்னு ஒரு ஊர் சர்ச்சு பத்தலைன்னு 1841ல ஏலம் போட்டாங்க. ஓவியர் ஜே.சி. டால் எப்படியாவது காப்பாத்தணும்னு அலைஞ்சாரு, கடைசில பிரஷ்ய ராஜா நாலாம் ஃபிரெட்ரிக் வில்லியம் வாங்குனாரு. பிரிச்சு பெர்லினுக்குப் போச்சு, அங்க இருந்து அப்ப பிரஷ்யாவுல இருந்த சைலீசியா மலைக்கு, 1844ல அங்க திறந்தாங்க. எல்லைக்கோடு மாறி அந்த இடம் இப்ப போலந்துல கார்பாட்ஸ் ஊரு. மர ஆணில கட்டுனதால பிரிச்சு எடுத்து நம்பர் போட்டு திரும்ப மாட்ட முடியுது பாருங்க.

கெத்து_ராஜா

ஓகே ஓகே கோயில் மேட்டர் வாபஸ் 😄 ஆனா ஃபான்டாஃப்ட் எரிஞ்சுபோச்சுன்னு கேள்விப்பட்டேனே, இப்ப இருக்கிறது என்ன அப்ப?

பெர்கன்மழை

ஓம், 1992 ஜூன் 6ஆம் தேதி விடியக்காலம் தீ வைச்சு எரிச்சது. அதுக்குப் பிறகு வேற சர்ச்சுகளும் எரிஞ்சது, பிளாக் மெட்டல் எண்ட ராக் இசைக் கூட்டத்தோட சேர்த்துத்தான் இண்டைக்கும் இங்க கதைப்பினம். இப்ப நிக்கிறது 1997ல கட்டி முடிச்ச பிரதி, சுத்திவர வேலி போட்டிருக்கு. எங்கட வீட்டில இருந்து ட்ராமில போகலாம், ஆனா வெளியூர் ஆக்களை நான் அங்க கூட்டிக்கொண்டு போறதில்லை, நேரம் இருந்தா போர்குண்டுதான். தார் ஊறின பழைய மரம் பத்திச்சுதெண்டால் நிப்பாட்டேலாது, அதால மிச்சம் இருக்கிற 28க்கும் தீ கண்டுபிடிக்கிறதுக்கும் அணைக்கிறதுக்கும் அரசாங்கம் நிறையச் செலவழிக்குது.

2001ல இருந்து 2015 வரைக்கும் ஒரு பெரிய திருத்த வேலைத் திட்டமும் நடந்தது, ஒவ்வொரு சர்ச்சா எடுத்து உளுத்த துண்டை மட்டும் வெட்டி அதே மாதிரி மரம் பிணைச்சு, தாரும் பூசி.

உளிச்சத்தம்

அதே மரம்னா என்ன மரம் அண்ணே? இன்னைக்கு வளர்க்கிற பைன்ல அந்த வைரம் கிடைக்காதே. வேகமா வளர்ற தோட்டத்து மரம் வெளிறுதான் அதிகம், அதைக் கொண்டுபோய் பழசோட பிணைச்சா புதுத் துண்டு முதல்ல போயிடுமே.

பெர்கன்மழை

அதுதான் அவைக்கும் தலையிடி. காட்டில நல்ல வயசு போன மரமாத் தேடி எடுக்கினம், கோடாலியாலயே செதுக்கினவை, வாளால அறுக்கேல்லை. தாரும் அப்பிடித்தான், பழைய முறையில குழியில எரிச்சு எடுக்கிற ஆக்கள் குறைஞ்சு போச்சினம், திரும்பப் பழக்க வேண்டி வந்தது.

வேப்பமரம், போற எண்ணம் இருந்தால் வெயில் காலத்தில வாங்கோ, குளிருக்கு உள்ளுக்க விடமாட்டினம். காரில எண்டால் இ16 ரோட்டு, பெர்கன் பக்கமிருந்து வந்தால் 24.5 கிலோமீற்றர் லார்டால் சுரங்கத்துக்குள்ளால வரவேணும், அது கழிய அரை மணித்தியாலத்துக்குள்ள சர்ச் வந்திடும். பக்கத்திலயே ஃபீலஃபியெல் மலை தாண்டுற பழைய ராஜபாட்டை, வின்டெல்லா எண்டு சொல்லுற துண்டு, நடந்து போகலாம், நல்ல ஏத்தம். டிக்கெட் அந்தப் பார்வையாளர் நிலையத்தில எடுக்கவேணும், சர்ச் வாசலில இல்லை. மணிக்கூண்டு தனியாப் பக்கத்தில நிக்குது, அதையும் பாக்காமல் வந்திடாதேங்கோ, கனபேர் புதுச் சர்ச்சின்ர ஏதோ சாமான் எண்டு நினைச்சுத் திரும்பியும் பாக்கிறேல்லை, அதுவும் மத்திய காலத்துச் சாமான்தான்.

வேப்பமரம்77

டிக்கெட்டுக்கு இப்பவே உண்டியல் வச்சுட்டேன் அண்ணா. @உளிச்சத்தம் ப்ரோ, இந்த வாசக்காலுக்கு அடியில கல்லு வச்சு தூக்கி மாட்டுனா வேலைக்கு ஆகுமா, ஆசாரி முழுசா மாத்தணுங்கறாரு.

உளிச்சத்தம்

உளுத்தது எவ்ளோ உசரம்னு ஒரு போட்டோ போடுங்க. ஒரு முழத்துக்குள்ளன்னா வெட்டிட்டு கல்லு வைக்கலாம், அதுக்கு மேலன்னா ஆசாரி சொல்றதுதான் சரி. முதல்ல கரையான் மருந்து அடிங்க.